குழாய் மரையும் உடைந்த டேப்பும்

உங்கள் பள்ளியிலோ தெருவிலோ பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய் ஏதேனும் இருந்தால், அது முழங்கைபோல் வளைந்து திரும்பும் இடத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். அங்கே ‘எல்போ’ எனப்படும் இணைப்பு ஒன்று இருக்கும். குழாய் அதனுள் நுழையும் இடத்தில் திருகின் இரண்டு மூன்று புரிகள் உள்ளே போகாமல் வெளியே தெரியும். வேலை செய்தவர் ஏன் அவற்றையும் திருகி முடிக்கவில்லை? அவசரமா, சோம்பலா? இரண்டும் இல்லை. அவர் எவ்வளவு முயன்றிருந்தாலும் அந்தப் புரிகள் உள்ளே போயிருக்க மாட்டா.

ஒரு போல்ட்டில் நட்டை மாட்டினால் அது கடைசிப் புரி வரை தங்குதடையின்றி ஓடுகிறது. குழாயோ நாலைந்து சுற்றில் இறுகத் தொடங்கி, பிறகு பைப் ரென்ச் போட்டாலும் அசைய மறுக்கிறது. இரண்டிலும் இருப்பது மரைதான். ஆனால் இரண்டும் ஒரே வகை மரை அல்ல. குழாய் மரை எப்படி அமைந்திருக்கிறது, அதை உலோகத்தில் எப்படி வெட்டுகிறார்கள், வெட்டும் கருவி பாதி வேலையில் உடைந்து உள்ளே சிக்கிக்கொண்டால் என்ன செய்கிறார்கள் என்று இந்தக் கட்டுரையில் காண்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊரில் ‘டேப்’ என்றால் தண்ணீர் பிடிக்கும் குழாயும் உண்டு. தையற்காரரின் அளவு நாடாவும் உண்டு. பட்டறையில் ‘டேப்’ என்பது இவை இரண்டும் அல்ல. துளையின் உட்புறத்தில் மரை வெட்டும் எஃகுக் கருவிக்கு அங்கே அந்தப் பெயர். இக்கட்டுரையில் டேப் என்று வரும் இடமெல்லாம் அந்தக் கருவியையே குறிக்கும்.

சுருட்டிய சாய்தளம்

ஒரு தாளைச் செங்கோண முக்கோணமாக வெட்டி, அதன் செங்குத்துப் பக்கத்தைப் பென்சிலின் நீளவாக்கில் பொருத்தி, பென்சிலைச் சுற்றிச் சுருட்டுங்கள். முக்கோணத்தின் சாய்ந்த பக்கம் பென்சிலைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரு கோடாகத் தெரியும். மரை என்பது இதுதான். உருளையின் மேல் சுற்றப்பட்ட சாய்தளமே அது. கனமான பெட்டியை நேரே தூக்குவதைவிடச் சாய்ந்த பலகையில் தள்ளி ஏற்றுவது எளிது அல்லவா? அதே காரணத்தால்தான் சிறிய கைவிசையைக் கொண்டு மரை பெரிய அழுத்தத்தை உண்டாக்குகிறது.

அடுத்தடுத்த இரு புரிகளுக்கு இடைப்பட்ட தூரத்தைப் ‘புரியிடைத் தூரம்’ என்பர். இந்தச் சொல் உங்களுக்குப் புதியதாக இருக்காது. ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாளும்போது நீங்கள் முதலில் கண்டறிவது இதைத்தான். ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு எவ்வளவு முன்னேறுகிறதோ, அதுவே புரியிடைத் தூரம். அரை அங்குலக் குழாய் மரையில் ஓர் அங்குல நீளத்துக்கு 14 புரிகள் உண்டு. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆகையால், புரியிடைத் தூரம் 25.4 ÷ 14 = 1.814 மி.மீ. ஆகும்.

கூம்புக்குள் கூம்பு

சாதாரண போல்ட்டின் மரை உருளையின் மேல் வெட்டப்பட்டது. குழாய் மரையோ கூம்பின் மேல் வெட்டப்பட்டது. கூம்பு என்றால் ஐஸ்கிரீம் கூம்புபோல் அல்ல. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மிக மெல்லிய சரிவுதான். 16 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. மட்டுமே குறையும். குழாயின் மையக்கோட்டிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் சாய்வு 1 பாகை 47 நிமிடம்.

இவ்வளவு சிறிய சரிவு என்ன சாதிக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்குக் குழாய் 1.814 மி.மீ. முன்னேறுகிறது. அதை 16 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.113 மி.மீ. வருகிறது. அதாவது, ஒவ்வொரு சுற்றிலும் முன்னைவிட 0.113 மி.மீ. அதிக விட்டமுள்ள உலோகம் அதே துளைக்குள் நுழைய முயல்கிறது. முதல் நாலைந்து சுற்றுகள் கையாலேயே போகும். அதன்பின் ஒரு புரி மற்றொரு புரியின்மேல் நெருக்கி அமர்கிறது. ரென்ச் கொண்டு மேலும் ஒன்றிரண்டு சுற்றுகள் திருகினால் உலோகமே சற்று நசுங்கி இடம் கொடுக்கிறது. பாட்டிலின் வாயில் தக்கையை அழுத்துவது போன்றதே இந்தச் செயல். தக்கை முழுவதும் உள்ளே போய்விட்டால் அது பாட்டிலை அடைக்காது. குழாயிலும் இரண்டு மூன்று புரிகள் வெளியே நிற்பதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

இத்தனை இறுகியும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. ஒரு புரியின் உச்சிக்கும் எதிர்ப்புரியின் பள்ளத்துக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி தங்கிவிடலாம். அது மரையோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி உள்ளிருந்து வெளிவரை செல்லும் சுருள் பாதை. தண்ணீர் அந்தப் பாதையைத் தேடிப் பிடித்துக் கசியும். அதை அடைப்பதற்காகவே முற்காலத்தில் புரிகளின்மேல் சணல் நாரைச் சுற்றி, வெள்ளைப் பூச்சுக் குழம்பைத் தடவித் திருகினார்கள். இன்று அந்த வேலையை டெஃப்லான் நாடா செய்கிறது. இணைப்பைத் தாங்கி நிற்பது உலோகம். சுருள் பாதையை அடைப்பது நாடா. மரையைச் சரியாக வெட்டாமல் பத்துச் சுற்று நாடா சுற்றினாலும் கசிவு நிற்காது.

எல்லாக் குழாய் மரைகளும் கூம்பு மரைகள் என்று எண்ண வேண்டாம். வீட்டுக் குழாய் இணைப்புகள் பலவற்றில் வெளிமரை கூம்பாகவும் உள்மரை நேராகவும் இருப்பதுண்டு. இரண்டும் நேராக உள்ள இணைப்புகளில் மரை பிடிப்புக்கு மட்டுமே; கசிவைத் தடுப்பது இடையில் வைக்கும் வாஷர்.

அரை அங்குலம் எங்கே?

இனி ஒரு வேடிக்கை. ‘அரை அங்குலக் குழாய்’ ஒன்றை எடுத்து வெர்னியர் அளவியால் அதன் வெளி விட்டத்தை அளந்து பாருங்கள். அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. வர வேண்டும். ஆனால் ஏறத்தாழ 21 மி.மீ. வரும்! உள் விட்டத்தை அளந்தாலும் 12.7 கிடைக்காது, அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

குழாய்க்குப் பெயர் வைத்த காலத்தில் அதன் உட்துளையைக் கொண்டு பெயரிட்டார்கள். அப்போது சுவர் தடிமனாக இருந்தது. பின்னாளில் நல்ல இரும்பும் எஃகும் கிடைத்ததால் மெல்லிய சுவரே போதுமானதாயிற்று. வெளி விட்டத்தை மாற்றினால் அதுவரை செய்த எல்போ, சாக்கெட், மரைவெட்டும் கருவி எல்லாம் பயனற்றுப் போய்விடும். ஆகவே வெளி விட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு உட்துளையைப் பெரிதாக்கினார்கள். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நாம் பயன்படுத்தும் குழாய் மரையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பம்போல் மரை வெட்டியது. ஓரிடத்தில் செய்த நட்டு மற்றோரிடத்துப் போல்ட்டில் ஏறாது. 1841இல் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர், எல்லாரும் ஒரே அளவு முறையைப் பின்பற்ற வேண்டும் என்று கூறி, புரியின் இரு சரிவுகளுக்கும் இடையே 55 பாகைக் கோணம் கொண்ட மரையை முன்வைத்தார். இந்தியாவில் வழங்கும் பிரிட்டிஷ் முறைக் குழாய் மரை இக்கோணத்தையே கொண்டது. அமெரிக்காவிலோ 1864இல் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணமுள்ள மரையைப் பரிந்துரைத்தார். அந்நாட்டுக் குழாய் மரையும் 60 பாகைக் கோணம் கொண்டதே. அதன் அளவுகளை வகுத்தவர் ராபர்ட் பிரிக்ஸ் என்பவர்.

இந்த 5 பாகை வேறுபாடு ஏட்டளவில் சிறியது, பட்டறையில் பெரியது. அரை அங்குல அளவில் இரு நாட்டு மரைகளிலும் அங்குலத்துக்கு 14 புரிகளே. ஆகவே ஒன்று மற்றொன்றில் சில சுற்றுகள் ஏறிவிடும். ‘பொருந்திவிட்டது’ என்று தோன்றும். ஆனால் கோணமும் விட்டமும் வேறு என்பதால் புரிகள் முழுமையாக அமரா. அழுத்தம் ஏறும்போது கசியும். ஓர் அங்குல அளவிலோ பிரிட்டிஷ் முறையில் 11 புரிகள், அமெரிக்க முறையில் பதினொன்றரைப் புரிகள். அங்கே இரண்டும் சில சுற்றுகளிலேயே முட்டிக்கொள்ளும். வெளிநாட்டு எந்திரத்தைப் பழுது பார்ப்பவர் முதலில் புரி அளவியை எடுத்து மரையைச் சோதிப்பது இதனால்தான்.

மரை வெட்டும் கருவிகள்

குழாயின் வெளிப்புறத்தில் மரை வெட்டும் கருவிக்கு ‘டை’ என்று பெயர். நீண்ட கைப்பிடிகள் கொண்ட சட்டத்தில் டையைப் பொருத்தி, வைஸில் இறுக்கிய குழாயின் முனையில் வைத்து அழுத்திச் சுற்றுவார்கள். குழாய் வேலை செய்பவர்கள் தெருவோரத்தில் இதைச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள்.

உட்புற மரைக்கு டேப். கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏராளமாகச் செய்யப்படும் வார்ப்பிரும்புத் தண்ணீர்ப் பம்புகளை எடுத்துக்கொள்வோம். பம்பின் உடலில் தண்ணீர் ஊற்றி நிரப்புவதற்கு ஒரு துளையும், நீரை வடிப்பதற்கு ஒரு துளையும் இருக்கும். அவற்றைத் திருகு மூடியால் அடைக்க வேண்டும். அதற்கு உள்மரை வேண்டும். முதலில் ட்ரில் பிட்டால் துளை போட வேண்டும். அரை அங்குல மரையின் வெளி விட்டம் 20.955 மி.மீ. புரிகளின் அடியில் விட்டம் 18.631 மி.மீ. துளை இந்த அளவை ஒட்டி இருக்க வேண்டும். கூம்பு மரையாதலால் உள்ளே போகப்போக இன்னும் சற்றுக் குறுகலாக இருக்க வேண்டும். நேர்த்தியாகச் செய்பவர்கள் துளையைக் கூம்பு ரீமரால் சரிவாக்கிவிட்டு, அதன் பிறகே டேப்பை இறக்குவார்கள்.

டேப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் போல்ட்டுபோல் இருக்கும். ஆனால் நீளவாக்கில் மூன்று அல்லது நான்கு காடிகள் ஓடும். காடிகளின் ஓரங்களே வெட்டும் பற்கள். வெட்டப்பட்ட உலோகச் சீவல் தங்குவதற்கும், எண்ணெய் உள்ளே இறங்குவதற்கும் காடிகளே வழி. இந்தக் காடிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவை நமக்கு உதவும்.

சாதாரண டேப்புக்கும் குழாய் மரை டேப்புக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சாதாரண டேப்பில் முனையை ஒட்டிச் சரிவாகத் தீட்டப்பட்ட சில புரிகளின் பற்கள் மட்டுமே உலோகத்தை வெட்டும். பின்னால் வரும் புரிகள் அதே வழியில் நழுவிச் செல்லும், அவ்வளவுதான். குழாய் மரை டேப் முழுவதும் கூம்பு. பின்னால் வரும் ஒவ்வொரு புரியும் முன்னதைவிடப் பெரியது. ஆகவே துளைக்குள் நுழைந்த பற்கள் அனைத்தும் வெட்டிக்கொண்டே இருக்கும். நான்கு காடி கொண்ட டேப் ஏழு புரி ஆழம் இறங்கினால் 28 பற்கள் ஒரே நேரத்தில் உலோகத்தைச் சீவுகின்றன. ஆழம் கூடக்கூடப் பளுவும் கூடுகிறது. இதைக் குறைப்பதற்காகவே சில டேப்புகளில் ஒன்று விட்டு ஒன்றாகப் பற்களை நீக்கிவிடுவது உண்டு.

ஆகவே அனுபவசாலி அவசரப்பட மாட்டார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று திருப்புவார். பின்னே திருப்பும்போது ‘டிக்’ என்று சீவல் முறிவதைக் கை உணரும். எஃகாக இருந்தால் வெட்டு எண்ணெய் விடுவார். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடுவது பழைய பட்டறை வழக்கம். வார்ப்பிரும்பு சீவலாக வராமல் பொடியாக உதிர்வதால் அதைப் பெரும்பாலும் எண்ணெயின்றியே வெட்டுவார்கள்.

டேப் ஏன் உடைகிறது?

ஒரு சாக்பீஸை இரு முனைகளிலும் பிடித்து, வளைக்காமல், துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். அது ‘படக்’கென்று உடையும். உடைந்த முகத்தைப் பாருங்கள். நேர்குறுக்காக இல்லாமல், ஏறத்தாழ 45 பாகையில் சரிந்து சுருளும் பரப்பாக இருக்கும். முறுக்கும்போது பொருளுக்குள் அந்தத் திசையில்தான் இழுவிசை மிக அதிகமாக இருக்கிறது. நொறுங்கும் பொருள் இழுவிசைக்குத்தான் முதலில் தோற்கும். இப்போது ஒரு மெழுகையோ களிமண் குச்சியையோ முறுக்குங்கள். அது உடையாமல் முறுகிக்கொண்டே போகும்.

டேப் எந்த இனம்? சாக்பீஸ் இனம்! இரும்பை வெட்டும் கருவி இரும்பைவிடக் கடினமாக இருக்க வேண்டும். அதற்காக டேப்பை ‘அதிவேக எஃகு’ எனப்படும் உலோகக்கலவையால் செய்கிறார்கள். இரும்புடன் டங்ஸ்டன் 18 சதவீதம், குரோமியம் 4 சதவீதம், வனேடியம் 1 சதவீதம் சேர்ந்தது இதில் ஒரு வகை. அமெரிக்காவில் டெய்லர், வைட் என்னும் இருவர் உருவாக்கிய இத்தகைய எஃகை 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் கண்டு உலகம் வியந்தது. கருவியின் முனை மங்கிய சிவப்பாகக் காய்ந்த பின்னும் அது கூர் மழுங்காமல் வெட்டியது. ஆனால் கடினத்தன்மை இலவசமாக வருவதில்லை. கடினமாக்கக் கடினமாக்க, வளைந்து கொடுக்கும் குணம் எஃகை விட்டுப் போகிறது. வெட்டுவதற்கு வலிமை தரும் அதே குணம் உடைவதற்கும் காரணமாகிறது.

டேப்பின் தடிமனும் முக்கியம். ஒரு தண்டு தாங்கும் முறுக்கு விசை அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 6 மி.மீ. தண்டோடு ஒப்பிட்டால் 3 மி.மீ. தண்டு பாதியை அல்ல, எட்டில் ஒரு பங்கையே தாங்கும். ஆகவே பெரிய குழாய் டேப்புகள் எளிதில் முறிவதில்லை. அவற்றில் பற்கள் சிதறுவதே அதிகம். கிரீஸ் ஊட்டும் முலைக்கும் அழுத்த அளவிக்கும் வெட்டப்படும் கால் அங்குலம், அரைக்கால் அங்குலம் போன்ற சிறிய டேப்புகளே முறிகின்றன.

முறிவதற்கான காரணங்களும் பெரும்பாலும் தெரிந்தவையே. துளை சிறிதாகப் போட்டிருக்கலாம். டேப் சாய்ந்து நுழைந்திருக்கலாம். காடிகளில் சீவல் அடைத்திருக்கலாம். அடி மூடிய துளையில் டேப் தரையைத் தட்டிய பின்னும் திருப்பியிருக்கலாம். ஒரு கையால் மட்டும் கைப்பிடியை இழுத்து, முறுக்குவதோடு வளைக்கவும் செய்திருக்கலாம்.

வேற்றுமையைத் தேடு

இப்போது நிலைமையை எண்ணிப் பாருங்கள். பம்பின் உடல் வார்க்கப்பட்டு, கடையப்பட்டு, துளையிடப்பட்டு ஏறக்குறைய முடிந்துவிட்டது. கடைசித் துளையில் டேப் முறிந்து உள்ளே நிற்கிறது. அதை எடுக்க முடியாவிட்டால் அதுவரை செய்த உழைப்பு அனைத்தும் பழைய இரும்பு விலைக்குப் போக வேண்டியதுதான்.

பழக்கமில்லாதவர் உடனே ட்ரில்லை எடுப்பார். ‘முள்ளை முள்ளால் எடு’ என்பது பழமொழி. ஆனால் இங்கே அது பலிக்காது. ட்ரில் பிட்டும் அதே அதிவேக எஃகு, டேப்பும் அதே. ஒன்றையொன்று வெட்டாது. ட்ரில் வழுக்கிக்கொண்டு பக்கத்திலிருக்கும் மெதுவான வார்ப்பிரும்புக்குள் பாயும். டேப் அப்படியே இருக்க, துளைதான் கெடும்.

நிதானமுள்ள தொழிலாளி வேறு கேள்வி கேட்பார்: ‘உள்ளே சிக்கிய டேப்புக்கும் அதைச் சுற்றியுள்ள உலோகத்துக்கும் என்ன வேற்றுமை?’ அந்த வேற்றுமை எதில் இருக்கிறதோ, அதில்தான் வழியும் இருக்கிறது.

முதல் வேற்றுமை வடிவம். டேப்பில் காடிகள் உண்டு என்று பார்த்தோம். அவற்றிலுள்ள சீவலை ஊசியால் கிளறி வெளியேற்றி, சிறிது எண்ணெய் விட்டு, காடிகளுக்குள் மெல்லிய எஃகு விரல்களைச் செலுத்துவார்கள். இதற்கென்றே ‘டேப் எக்ஸ்ட்ராக்டர்’ என்னும் கருவி இருக்கிறது. விரல்களை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால், பிடிப்புத் தளர்ந்து டேப் திரும்பி வரும். துண்டு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியாலேயே பிடித்துத் திருப்பலாம். சில பட்டறைகளில் அதன்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்து, ஸ்பேனர் போட்டுத் திருப்புவதும் உண்டு.

இரண்டாவது வேற்றுமை நொறுங்கும் தன்மை. டேப்பின் குறையையே நமக்கு உதவியாக்கிக்கொள்வது இது. கடினமான பஞ்சை டேப்பின் நடுவில் வைத்துத் தட்டினால் அது துண்டு துண்டாக நொறுங்கும். துண்டுகளைக் காந்தத்தாலும் ஊசியாலும் எடுத்துவிடலாம். ஆனால் தெறிக்கும் எஃகுச் சில் கண்ணாடிச் சில்லைப் போன்றது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதன் அருகில் நிற்கவும் கூடாது.

மூன்றாவது வேற்றுமை வெப்பத்தில் வெளிப்படும். சாதாரணக் கரிம எஃகால் ஆன டேப்பைச் சிவக்கக் காய்ச்சி, மிக மெதுவாக ஆறவிட்டால் அது பதம் இழந்து மென்மையாகிவிடும். அப்போது ட்ரில் அதை வெட்டும். அதிவேக எஃகு வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே பிறந்ததாகையால், இந்த வழிக்கு எளிதில் வசப்படாது.

நான்காவது வேற்றுமை வேதியியல் சார்ந்தது. சவரக்கடையில் முகத்தில் தேய்க்கும் படிகாரம் உங்களுக்குத் தெரியும். வேதியியலில் அது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். நீரில் கரைந்தால் கரைசல் அமிலத்தன்மை பெறுகிறது. பித்தளைத் தகட்டில் எஃகுத் திருகு முறிந்துவிட்டால், கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் அந்தத் தகட்டைச் சூடான படிகாரக் கரைசலில் போட்டு வைப்பார்கள். எஃகு குமிழ் விட்டுக் கரைந்து போகும். பித்தளை ஏறக்குறைய அப்படியே இருக்கும். உலோகங்களின் வினைபடு வரிசையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இரும்பு ஹைட்ரஜனுக்கு மேலே இருப்பதால் அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றித் தான் கரைகிறது. பித்தளையின் பெரும்பகுதியான செம்பு ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கிறது.

அலுமினியப் பொருளில் முறிந்த டேப்பையும் இப்படி எடுக்கலாம். இங்கே நீங்கள் குறுக்கிட வேண்டும்! அலுமினியம் வினைபடு வரிசையில் இரும்புக்கும் மேலே அல்லவா இருக்கிறது? அதுதானே முதலில் கரைய வேண்டும்? அலுமினியத்தின் மேற்பரப்பில் எப்போதும் அதன் ஆக்சைடு மெல்லிய போர்வையாகப் படிந்திருக்கிறது. அந்தப் போர்வை மென்மையான அமிலத்திலிருந்து உலோகத்தைப் பெரும்பாலும் காக்கிறது. இரும்பின் துருவோ பொருபொருவென்று உதிர்வது. அது எதையும் காக்காது. இந்த முறைக்குப் பல மணி நேரமோ சில நாட்களோ பொறுக்க வேண்டும். நம் வார்ப்பிரும்புப் பம்புக்கோ இது பயன்படாது. டேப்போடு பம்பும் கரையும். நைட்ரிக் அமிலம் ஊற்றும் முறையொன்றும் பழைய பட்டறை நூல்களில் உண்டு. அது தோலையும் நுரையீரலையும் கெடுக்கும். மாணவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

தீப்பொறி என்னும் உளி

வடிவமும் உதவவில்லை, நொறுக்கவும் இடமில்லை, உடலும் டேப்பும் இரண்டும் இரும்பினம் என்றால் என்ன செய்வது? கடினத்தன்மையைப் பற்றிக் கவலையே படாத ஒரு கருவி வேண்டும். அதுதான் மின்பொறி.

வீட்டில் பழைய மின்விசைப் பொத்தான் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தால், அதன் தொடுமுனைகளைப் பாருங்கள். கறுத்து, குழி குழியாக அரித்திருக்கும். ஒவ்வொரு முறை இணைப்பு விடுபடும்போதும் தோன்றும் சிறு பொறி, ஒரு துளி உலோகத்தை உருக்கி எறிந்துவிடுகிறது. மாஸ்கோவில் போரிஸ் லசரென்கோ, நத்தாலியா லசரென்கோ என்னும் அறிவியல் தம்பதியர் இந்தத் தேய்மானத்தை எப்படித் தடுப்பது என்று ஆராய்ந்தார்கள். டங்ஸ்டன் தொடுமுனைகளைக்கூடப் பொறி அரித்தது. தடுக்க முடியாத இந்த அரிப்பைக் கட்டுக்குள் கொண்டுவந்தால், எவ்வளவு கடினமான உலோகத்தையும் அதனால் செதுக்கலாமே என்று 1943இல் அவர்கள் வழி கண்டார்கள். அதே 1940களில் அமெரிக்காவில் ஸ்டார்க், ஹார்டிங், பீவர் என்னும் மூவர், அலுமினிய வார்ப்புகளில் முறிந்து சிக்கிய ட்ரில்களையும் டேப்புகளையும் எடுப்பதற்காகவே மின்பொறிக் கருவியை உருவாக்கினர். ஒரு பெரிய எந்திரத் தொழில் வளர்ந்ததில் முறிந்த டேப்புக்கும் பங்கு உண்டு!

செயல்முறை எளியது. டேப்பின் நடுத்தண்டை விடச் சற்று மெல்லிய செம்பு அல்லது பித்தளை மின்முனை ஒன்றை அதன் எதிரே நிறுத்துவார்கள். இரண்டும் தொடுவதில்லை, இடையே முடியளவு இடைவெளி. அதில் மின்கடத்தாத் திரவம் நிறைந்திருக்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கான பொறிகள் பாயும். பொறி விழும் புள்ளியில் வெப்பநிலை 8000 முதல் 12000 பாகை செல்சியஸ் வரை எட்டும். அந்த வெப்பத்துக்கு முன் களிமண்ணும் ஒன்று, அதிவேக எஃகும் ஒன்று. அங்குள்ள உலோகத் துளி உருகி ஆவியாகிறது. திரவம் அதை அள்ளிச் செல்கிறது. நடுத்தண்டு போனதும், காடிகளுக்கு இடையே நின்ற பற்கள் தனித்தனித் துண்டுகளாகி உதிர்கின்றன. வெட்டிய மரையில் ஒரு கீறலும் விழுவதில்லை. இன்று தொழில் நகரங்களின் கருவிப் பட்டறைகளில் இத்தகைய எந்திரங்களைக் காணலாம்.

இதற்கும் செலவு உண்டு. ஆகவே கடைசியாக ஒரு கணக்கும் போட வேண்டும். சிக்கிய பொருளின் மதிப்பு என்ன, அதை மீட்கும் செலவு என்ன? விலை குறைந்த எல்போ என்றால் தூக்கி எறிவதே அறிவுடைமை. பெரிய வார்ப்பு என்றால் துளையையே பெரிதாக்கி, உள்ளே ஒரு பூண் வைத்து, அதில் புதிய மரை வெட்டியும் காப்பாற்றலாம்.

செய்து பாருங்கள்

ஆசிரியர் முன்னிலையில் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சூடான படிகாரக் கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பூச்சில்லாத இரும்பு ஆணியையும், மற்றொன்றில் உறை நீக்கிய செம்புக் கம்பித் துண்டையும் எடை பார்த்துப் போடுங்கள். குவளைகளை இறுக மூட வேண்டாம். ஒரு வாரம் கழித்து இரண்டையும் கழுவி, உலர்த்தி, மீண்டும் எடை பாருங்கள். எது எவ்வளவு குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாக்பீஸை முறுக்கி, உடைந்த முகத்தின் கோணத்தையும் பாகைமானியால் அளந்து பாருங்கள்.

பேச்சு வழக்கில் சற்றுக் கோணலாக நடப்பவரை ‘மரை கழன்றவர்’ என்று கேலி செய்கிறோம். உண்மையில் மரையைக் கழற்றத் தெரிவதும் ஒரு கலைதான். கையில் எதிர்ப்புக் கூடும்போது நிறுத்தி, கால் சுற்றுப் பின்வாங்கி, சீவலை முறித்துவிட்டு மீண்டும் தொடங்குபவர் கையில் டேப் எளிதில் முறிவதில்லை. அப்படியும் முறிந்துவிட்டால் ட்ரில்லைத் தேடி ஓடாமல், ‘இதற்கும் அதற்கும் என்ன வேற்றுமை?’ என்று கேளுங்கள். உப்பையும் மணலையும் பிரிக்கும்போது வகுப்பறையில் நீங்கள் கேட்ட கேள்வியும் அதுவே அல்லவா?